கொண்டையின் பெருமை

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் இடப்புறம் சாய்ந்த கொண்டையைக் கண்டு மெய்ம்மறந்து நிற்கிறோம். வீட்டிலே பெண் கொண்டை முடிந்தால் மட்டும், "இது என்ன கிழவிக் கோலம்!" என்கிறோம். நம் புதல்வியிடம் நாமும் அப்படிச் சொன்னதுண்டு.

சென்ற வாரம் ராஜபாளையம் செல்லும் பஸ்ஸில் ஒரு பெண் தன் நீண்ட பின்னலைச் சுருட்டி இறுக முடிந்துகொண்டிருந்தாள். 1936-இல் ராஜபாளையம் மில் தோன்றியது; பின்னர் நூற்பாலைகள் பல பெருகிய ஊர் அல்லவா அது? அவளும் ஆலைக்குச் செல்பவளே.

"சுழல்கிற யந்திரத்துக்கு நூலும் ஒன்றுதான், பின்னலும் ஒன்றுதான், ஐயா!" என்றாள்.

அடுப்புத் தீக்கும் அந்தப் பேதம் தெரியாது. கொண்டை அலங்காரம் மட்டுமன்று, உயிர்க் காப்பு. வீடு திரும்பியதும் நம் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். புதல்வி சிரித்தாள், மறுநாள் கொண்டையைச் சற்றே இடப்புறம் சாய்த்து முடிந்திருந்தாள்.