ஒரு செடிக்கு எத்தனை சட்டம்?

கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாமா என்று ஆய்வு மாணவர் குழு ஒன்றில் இரண்டு நாள்களாக நடந்த விவாதத்தைப் படித்து முடித்தேன். ஒரு தரப்பு, 'சிவமூலி நம் முன்னோர் மருந்து, வெள்ளைக்காரன்தான் தடுத்தான்' என்றது. மறுதரப்பு, 'தலைமுறையே அழிந்துவிடும்' என்றது. மூன்று தனித்தனிக் கேள்விகளை ஒரே சொல்லுக்குள் அடைத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே விடையைத் தேடினார்கள். நோயாளிக்கு மருந்தாகக் கிடைக்க வேண்டுமா? புகைத்தவனைச் சிறைக்கு அனுப்ப வேண்டுமா? கடை திறந்து விற்க வேண்டுமா? என் விடைகள் முறையே: வேண்டும், கூடாது, கூடாது. காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில், வரலாற்றைத் திருத்திக்கொள்வோம். ஆங்கில அரசு 1893இல் அமைத்த இந்திய சணல் போதைப்பொருள் ஆணையம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தது. முழுத் தடை தேவையில்லை, வரியும் கட்டுப்பாடும் போதும் என்றே அது 1894இல் பரிந்துரைத்தது. மொழியியல் படித்தவள் என்ற முறையில் அந்த அறிக்கையில் என்னை மிகவும் ஈர்த்தது வேறொரு பகுதி. மனநோய்க் காப்பகப் பதிவேடுகளில் 'காரணம்' என்ற கட்டத்தில் 'கஞ்சா' என்று எழுதப்பட்டிருந்த நேர்வுகளை ஆணையம் ஒவ்வொன்றாகத் துருவிப் பார்த்தது. நோயாளி என்றோ கஞ்சா புகைத்தான் என்று காவலர் குறித்தனுப்பியதே பல இடங்களில் மருத்துவக் காரணமாகப் பதிவாகியிருந்தது தெரியவந்தது. கட்டத்தை நிரப்ப ஒரு சொல் தேவைப்பட்டது; கிடைத்த சொல்லை எழுதிவிட்டார்கள். இன்றும் நாம் அந்தக் கட்டத்தைத்தான் நிரப்பிக்கொண்டிருக்கிறோம்.

நாடு முழுமைக்குமான தடையைக் கொண்டுவந்தது வெள்ளைக்காரன் அல்லன். 1961ஆம் ஆண்டின் சர்வதேச ஒப்பந்தத்தில் சேர்ந்த சுதந்திர இந்தியாவின் நாடாளுமன்றமே 1985இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தை இயற்றியது. அந்தச் சட்டம் கஞ்சாவுக்குத் தரும் வரையறையைப் படித்துப் பாருங்கள். பூக்கும் அல்லது காய்க்கும் நுனிப்பகுதி குற்றம். நுனி சேராத இலையும் விதையும் வரையறைக்கு வெளியே. எனவே இலையை அரைத்துச் செய்யும் பாங்கு இச்சட்டத்தின்கீழ் குற்றமாகாது. மாநிலங்களின் மதுவிலக்கு, கலால் சட்டங்கள் வேறு. ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமம் பெற்ற பாங்கு கடைகள் இயங்குகின்றன. அதே இலைச்சாறு 'விஜயா' என்ற பெயரில் ஆயுர்வேத மருந்தாகப் புட்டியில் வருகிறது. போர்ட் பிளேருக்கு 2024இல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாறியபோது இந்த ஒற்றுமையை நினைத்துச் சிரித்தேன். பெயரை மாற்றினால் ஊர் மாறுவதில்லை. ஆனால் செடியின் பெயர் மாறினால் வழக்கு மாறிவிடுகிறது.

எய்ம்ஸ் நிறுவனத்தின் வழிநடத்தலில் நடந்து 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, ஓராண்டில் பாங்கு உட்கொண்டோர் சுமார் 2.2 கோடிப் பேர். கஞ்சாவோ சரஸோ பயன்படுத்தியோர் சுமார் 1.3 கோடிப் பேர். மது அருந்தியோர் சுமார் 16 கோடிப் பேர். தீங்கின் அளவுதான் தண்டனையின் அளவு என்றால் இந்தப் பட்டியலில் யார் எங்கே நிற்க வேண்டும்? எங்கள் தீவுகளில் மதுவை விற்பது அரசின் வளர்ச்சிக் கழகம். தமிழ்நாட்டில் டாஸ்மாக். கையில் கோப்பையோடு 'கஞ்சா தலைமுறையை அழிக்கும்' என்பவரிடம் வாதிட எனக்குத் தெம்பில்லை.

இனி மருந்து. 'மருத்துவத்துக்கும் அறிவியலுக்கும் சட்டத்தில் ஏற்கெனவே விலக்கு இருக்கிறதே, பிறகென்ன?' என்று கேட்கிறார்கள். மார்ஃபினுக்கும் அதே விலக்கு இருந்தது. ஆயினும் 1985க்குப் பின் உரிமங்களுக்கும் தண்டனைக்கும் அஞ்சி மருத்துவமனைகள் அதை வாங்குவதையே நிறுத்தின. பத்தே ஆண்டுகளில் நாட்டின் மார்ஃபின் பயன்பாடு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே சரிந்தது. கேரளத்தின் மருத்துவர் எம்.ஆர்.ராஜகோபால் போன்றோர் பல்லாண்டுகள் போராடிய பிறகு, 2014இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. அதற்கு முன்பே புற்றுநோயோடு மூன்று நாள் கப்பலில் சென்னைக்குப் போனார் என் பெரியம்மா. வழியெல்லாம் அவருக்குக் கிடைத்தது பாராசிட்டமால் மட்டுமே. விலக்கு ஏட்டில் இருந்தது; வலி உடம்பில் இருந்தது.

கஞ்சாச் செடியிலிருந்து பெறப்படும் கன்னாபிடியால் மருந்தை, குழந்தைகளுக்கு வரும் இருவகைக் கடும் வலிப்பு நோய்களுக்காக அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2018இல் ஏற்றது. மிக ஆபத்தான போதைப்பொருள்களின் பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்க 2020 டிசம்பரில் ஐ.நா. ஆணையத்தில் நடந்த வாக்கெடுப்பில் 27 நாடுகள் ஆதரித்தன, 25 எதிர்த்தன. ஆதரித்தவற்றுள் இந்தியாவும் ஒன்று. வியன்னாவில் கை உயர்த்தியவர்கள் இங்குள்ள மருந்தகத்துக்கும் ஒரு வழி செய்ய வேண்டாமா? கஞ்சா எல்லா நோயையும் தீர்க்கும் என்ற முகநூல் வைத்தியத்தை நான் ஏற்கவில்லை. சோதித்து நிறுவப்பட்ட மருந்து, மருத்துவர் சீட்டின்மேல், அச்சமின்றிக் கிடைக்க வேண்டும் என்கிறேன்.

அடுத்தது தண்டனை. ஜங்லிகாட் மீன் இறங்குதுறையில் பெட்டி சுமக்கும் ஓர் இளைஞன் எனக்குத் தம்பி முறை. சட்டைப்பையில் ஒரு பொட்டலத்தோடு பிடிபட்டான். ஒரு கிலோ வரை 'சிறிய அளவு'. உச்சத் தண்டனை ஓராண்டுச் சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். உண்மையான தண்டனை அதன் பிறகே தொடங்கியது. கப்பல் வேலைக்குக் காவல்துறைச் சரிபார்ப்பு வேண்டும். அந்தத் தாள் வரவில்லை, வேலையும் போயிற்று. போதைக்கு அடிமையானவர் தாமாகச் சிகிச்சைக்கு முன்வந்தால் வழக்கிலிருந்து விலக்குத் தரும் 64ஏ பிரிவு அதே சட்டத்தில் இருக்கிறது. அதை அவனுக்கு எவரும் சொல்லவில்லை. இதே கடலில்தான் 2024 நவம்பரில் பேரன் தீவுக்கு அருகே மியான்மர் படகொன்றிலிருந்து ஐயாயிரம் கிலோவுக்கு மேற்பட்ட மெத்தாம்பெட்டமினைக் கடலோரக் காவல்படை கைப்பற்றியது. அது பாராட்டத்தக்க பணி. அந்தப் படகையும் தம்பியின் சட்டைப்பையையும் 'போதை ஒழிப்பு' என்ற ஒரே சொல்லால் குறிப்பதுதான் என் மறுப்பு. போர்ச்சுகல் 2001இல் சொந்தப் பயன்பாட்டுக்கான சிறு அளவைக் குற்றவியல் வழக்கிலிருந்து நீக்கி, பிடிபடுவோரை ஆலோசனைக் குழுவிடம் அனுப்பியது. விற்பனை அங்கே இன்றும் குற்றமே.

மூன்றாவது கேள்வியில் என் நண்பர்களோடு முரண்படுகிறேன். அந்தமானுக்குச் சென்னையைவிடப் புக்கெட் அருகில். தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. விதிமுறைகள் வகுக்கப்படும் முன்பே தெருவெங்கும் கடைகள் முளைத்தன. 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அரசு பின்வாங்க நேர்ந்தது. கடை வந்தால் விளம்பரம் வரும். விளம்பரம் முதலில் தேடுவது பதினேழு வயதை. வளரும் மூளைக்குக் கஞ்சா தீங்கு, மனப்பிறழ்வுக்கான வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதற்குச் சான்றுகள் உள்ளன. வருவாய்க்காக மதுவை விட முடியாமல் தவிக்கும் அரசுகளின் கையில் இன்னொரு கல்லாப்பெட்டியைக் கொடுப்பது விடுதலையாகாது.

தாராளவாதி என்று ஒருவரும் பழமைவாதி என்று ஒருவரும் என்னை ஏசலாம். மறுப்போர் தாராளமாக மறுக்கட்டும். ஆனால் எழுதுமுன் ஒன்றைத் தெளிவுபடுத்துங்கள்: நீங்கள் பேசுவது பெரியம்மாவின் வலியைப் பற்றியா, தம்பியின் வழக்கைப் பற்றியா, வியாபாரியின் கடையைப் பற்றியா? மூன்றுக்கும் 'கஞ்சா' என்ற ஒரே சொல்லை எழுதிவிட்டுப் போனால், 1893இன் காப்பகக் குமாஸ்தாவுக்கும் நமக்கும் வேறுபாடில்லை.