நாணியது வீணையா?

வேதாரண்யத்துக் கோயிலுக்குச் சென்று வந்தோர் ஒரு கதை சொல்வர். அங்கே கலைமகள் கையிலே வீணை இல்லை. அத்தலத்து அம்மையின் குரலினிமை கேட்டு நாணி, கீழே வைத்துவிட்டாளாம்! யாழைப் பழித்த மொழியாள் என்பதே அம்மையின் பெயர். கற்பனை அழகானதுதான். ஆனால் தோழர்களே, கல்லாய் நிற்கும் இருவரின் இசைப் போட்டியை இத்தனை நுணுக்கமாய் நினைவில் வைத்திருக்கும் நாடு, அதே கோயில் வீதியிலே இரவெல்லாம் நெஞ்சு நோக நாதசுரம் ஊதியவனை எப்படி நிறுத்தி வைத்தது? இடுப்பிலே துண்டு, திறந்த மார்பு, கடுத்த கால்!

கடல் கடந்து ஒரு காட்சி காண்போம். 1953 மே 15, கனடாவின் டொராண்டோ நகரம், மாஸி ஹால். மேடையிலே கறுப்பினத்து இசைவாணர் ஐவர்: சாக்சபோன் சார்லி பார்க்கர், டிரம்பெட் டிஸ்ஸி கில்லெஸ்பி, பியானோ பட் பவல், பேஸ் சார்லஸ் மிங்கஸ், டிரம் மாக்ஸ் ரோச். ஒவ்வொருவரும் தனியே ஒரு கச்சேரியைத் தாங்கக் கூடியவர். அன்றிரவே மார்சியானோ–வால்காட் குத்துச்சண்டை. அரங்கிலே நாற்காலிகள் பல வெறிச்சோடின. ஆயினும் அந்த இசை தட்டிலே பதிந்து உலகைச் சுற்றியது. அவர்கள் வாசித்தது பெபாப். ஆட வந்தவன் காலுக்குத் தாளம் போடுவதை விடுத்து, அமர்ந்து கேட்பவன் அறிவுக்கு விருந்து வைத்த முறை. 1940களில் நியூயார்க்கிலே வளர்ந்தது.

நமக்கென்ன அது என்பீரோ? திருவாவடுதுறை இராசரத்தினம் (1898–1956) இங்கே செய்ததும் அதுதானே! ஊர்வலத்தின் பின்னணியாய் இருந்த நாதசுரத்தை மேடையேற்றினார்; சட்டையணிந்து அமர்ந்து வாசித்தார். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரத்தின் தவில் அவரோடு சேர்ந்தபோது, பக்கவாத்தியம் என்ற சொல்லே பொருளிழந்தது.

டொராண்டோ தட்டிலே இன்னொரு செய்தி உண்டு. மிங்கஸின் பேஸ் சரியாகப் பதியவில்லை. பின்னால் நிற்கும் கருவிதானே என்று விட்டாரா? இல்லை! தட்டை வெளியிட்ட டெபூ நிறுவனமே மிங்கசும் ரோச்சும் நடத்தியது. தம் பகுதியை மறுபடி வாசித்துச் சேர்த்துக்கொண்டார். எவரிடமும் கைகட்டி நிற்கவில்லை. (பார்க்கர் மட்டும் வேறு கம்பெனியின் ஒப்பந்தத்திலே சிக்கியிருந்ததால், உறையிலே ‘சார்லி சான்’ என்று பொய்ப்பெயர் பூண நேர்ந்தது. முதலாளியின் கை அங்கும் நீளந்தான்.)

இங்கே பின்னால் நிற்பவன் யார்? ஒத்துக்காரன். சுருதி அறுந்துவிடாமல் மணிக்கணக்கிலே மூச்சைப் பிடித்து ஊதுகிறவன். அவனுக்கு நாம் அளித்த பட்டம் என்ன? சொந்தப் புத்தியின்றி ஆமாம் போடுகிறவனை ‘ஒத்து ஊதுகிறான்’ என்கிறோம்! ஒருவனுடைய உழைப்பையே வசைச்சொல்லாக்கிய பெருமை நம்முடையது.

வேதாரண்யம் வேதமூர்த்தி என்ற நாதசுரக் கலைஞர் இவ்வூர்ப் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றார். அவருக்கு ஒத்து ஊதியவர் யார், தாளம் போட்டவர் யார் என்று இவ்வூர் வீதியிலே கேட்டுப் பாருங்கள். கலைமகள் வீணையை ஏன் வைத்தாள் என்றும் கேளுங்கள். எந்தக் கேள்விக்கு முதலில் விடை வருகிறது பார்ப்போம்.