வரைபட விளம்பரமும் நமது சங்கங்களும்

காஞ்சிபுரத்திற்குப் பட்டுச் சேலை வாங்க வருவோரை வழியிலேயே மறித்து, தமக்குத் தரகு கொடுக்கும் கடைக்கு அழைத்துச் செல்கிறவர்கள் உண்டு. சங்கத்தின் விற்பனை நிலையம் அருகிலேயே இருந்தும், வந்தவர் அதன் வாசலை மிதியாமல் ஊர் திரும்புவார். இன்று கைப்பேசியிலுள்ள இணைய வரைபடமும் வழிகாட்டியாக நிற்கிறது. அதிலும் பணம் கொடுத்து முன்னிடம் பெறலாம் என்றவுடன், நாமும் விளம்பரம் செய்ய வேண்டாமா என்று அங்கத்தினர்கள் கேட்பது இயல்பே.

பணம் கட்டுமுன் ஒன்றை அறிதல் வேண்டும். 2005-ஆம் ஆண்டில் தொடங்கிய கூகிள் வரைபடத்தில் ஒரு விற்பனை நிலையத்தைப் பதிவு செய்யக் கட்டணம் ஏதுமில்லை. சாதாரண வரிசையில் ஒரு கடை முன்னே வருவது, தேடும் பொருளோடு அதற்குள்ள பொருத்தம், தூரம், மக்களிடையே அதற்குள்ள அறிமுகம் ஆகிய மூன்றையும் பொறுத்தது. அவ்வரிசையில் இடத்தை விலைக்கு வாங்க இயலாதென்று அந்நிறுவனமே கூறுகிறது. ஆகவே, பதிவுக்கென்று பணம் கேட்டு வருவோரை நம்ப வேண்டியதில்லை. விலைக்குக் கிடைப்பது, விளம்பரம் என்ற குறிப்புடன் காட்டப்படும் இடம் மட்டுமே.

அவ்விடம் ஏலத்தில் விடப்படுகிறது. மஞ்சள் விளைவிக்கும் ஈரோட்டு அன்பர்களுக்கு ஏலத்தின் இயல்பைச் சொல்ல வேண்டியதில்லை. கேட்பவர் பெருகினால் விலை ஏறும், லாபம் விற்பவருக்கு. அங்கே நாம் விற்பவர். இங்கே நாமே கேட்பவர். ஒருவர் நமது விளம்பரத்தைத் தொட்டு வழி கேட்டாலும், தொலைபேசியில் அழைத்தாலும் கட்டணம் உண்டு. அவர் ஒரு துண்டுகூட வாங்காமற் போனாலும் அப்பணம் திரும்பாது. ஒரே தெருவிலுள்ள இரு நெசவாளர் சங்கங்கள் தனித்தனியே ஏலம் கேட்குமாயின், ஒன்றின் கேள்வி மற்றொன்றின் செலவை உயர்த்தும். அந்த மிகைச் செலவு இறுதியில் தறியில் அமர்ந்திருப்பவரின் தலையிலேதான் விழும்.

விளம்பரமே வேண்டாம் என்பது நமது கருத்தன்று. பக்கத்துத் தனியார் கடை முன்னே நிற்க, நாம் வாளாவிருத்தல் விவேகமாகாது. முதலில் ஒவ்வொரு சங்கமும் முகவரி, திறக்கும் நேரம், விடுமுறை நாள், துணிகளின் படங்கள் ஆகியவற்றைச் செம்மையாகப் பதிவு செய்தல் வேண்டும். அடைத்த நாளில் திறந்திருப்பதாகக் காட்டும் பதிவு, தேடி வந்தவரைத் திருப்பி அனுப்புவதற்கு ஒப்பாகும். பின்னர், தீபாவளியிலும் முகூர்த்த மாதங்களிலும், நாளொன்றுக்கு இவ்வளவு என்று வரம்பு கட்டி, ஓர் ஊரின் சங்கங்கள் யாவும் ஒரே கணக்கில் கூட்டாக விளம்பரம் செய்யலாம். செலவை விற்பனை விகிதப்படி பகிர்ந்துகொள்ளலாம்.

தனித்தனிச் சங்கங்கள் தாமே சந்தை தேடுவது அரிது என்பதனாலன்றோ 1935-இல் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியது? தறிக்கும் சந்தைக்கும் பொருந்திய அந்நெறி வரைபடத்திற்கும் பொருந்தும். சகோதரச் சங்கத்திற்கு எதிராக ஏலம் கேட்பதில்லை என்ற தீர்மானத்தை, வரும் மகாசபைக் கூட்டங்களிலேயே அங்கத்தினர்கள் நிறைவேற்றுவார்களாக.