தட்டினா விடணும்!

தமிழில் பிடிகளுக்குப் பஞ்சமே கிடையாது. உடும்புப்பிடி, குரங்குப்பிடி, கிடுக்கிப்பிடி, இரும்புப்பிடி என்று வகைவகையாக வைத்திருக்கிறோம். வாய்ச்சண்டைக்குக்கூட மல்லுக்கட்டு என்றுதான் பேர். ஆனால், பிடித்ததை எப்போது விடணும் என்பதற்கு ஒரு வார்த்தை? ம்ஹூம்! விடாதவனுக்கு 'விடாக்கண்டன்' என்று பட்டம் கொடுத்ததோடு சரி.

விடுகிற வித்தையை நான் படித்த இடம் ஆனைக்குட்டம். சிவகாசிக்குப் பக்கத்தில் அர்ச்சுனா நதியில் அணை கட்டியிருக்கிறார்களே, அதே ஊர்தான். அங்கே என் அத்தை வீடு. 2000-ஆம் வருஷத்துக் கோடை லீவு. அத்தை மகன் முருகேசனுக்கும் எனக்கும் பத்து வயசு. சட்டைப்பையில் மல்யுத்த டிரம்ப் கார்டு, சாயங்காலமானால் கேபிள் டி.வி.யில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். வேறென்ன வேணும்?

அந்த ஆட்டத்தில் எதிராளியின் இரண்டு தோளும் தரையில் பட, நடுவர் மூணு எண்ணினால் ஜெயம். இல்லையென்றால், ஒரு பிடியைப் போட்டு 'போதும்டா சாமி' என்று சொல்ல வைக்கணும். எங்களுக்குப் பிடித்தது இந்த இரண்டாவது ரகம். பிரெட் ஹார்ட்டின் 'ஷார்ப்ஷூட்டர்' காலை மடக்கி முதுகை வளைக்கும். 1997 மார்ச்சில், முகமெல்லாம் ரத்தம் வழிய அதில் மாட்டிய ஸ்டீவ் ஆஸ்டின் கடைசிவரை தோல்வியை ஒப்புக்கொள்ளாமல் மயங்கியே போனார். ஆட்டத்தில் தோற்றவர், ரசிகர்கள் மனசில் ஜெயித்துவிட்டார். முருகேசன் ஆஸ்டின் கட்சி. ரோஷக்காரன்!

நான் ஸ்லீப்பர் ஆசாமி. பின்னாலிருந்து கழுத்தைக் கையால் வளைத்துப் பிடித்தால் எதிராளி மெள்ளச் சொக்குவான். நடுவர் வந்து அவன் கையைத் தூக்கி விடுவார். தொப்! இரண்டாவது தடவையும் தொப்! மூணாவது தடவை... கை அப்படியே அந்தரத்தில் நிற்கும். அரங்கமே கூரை பிய்கிற மாதிரி கத்தும்.

அன்றைக்கு வேப்பமரத்தடி மணலில் முருகேசன் கழுத்து என் கையில். நடுவர், அவனுடைய ஏழு வயசுத் தம்பி. கையைத் தூக்கினான். தொப். ரெண்டாவதும் தொப். மூணாவது தடவை தூக்கி விட்டான்.

தொப்.

''அண்ணே, எந்திரிக்க மாட்டேங்குறான்...'' என்றான் தம்பி. எனக்கோ ஜெயித்த குஷி, இன்னும் இறுக்கினேன். திண்ணையில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த அத்தை பார்த்துவிட்டாள். பசைக் கையைத் துடைக்கிற துண்டு பறந்து வந்து என் மூஞ்சியில் விழுந்தது. ''அடப் பாவி, விடுடா!''

விட்டேன். நாலைந்து விநாடியில் முருகேசன் கண்ணைத் திறந்து, ''தூங்கிட்டேனா?'' என்றான். அத்தை அப்படியே சிவகாசி டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஒன்றும் ஆகவில்லை, தப்பித்தோம்.

கழுத்தின் இரண்டு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய்கள் இருக்கின்றன. அவை நன்றாக அழுந்தினால் பத்துப் பதினைந்து விநாடியில் நினைவு தப்பும். அப்புறமும் விடவில்லை என்றால் உயிருக்கே ஆபத்து. இதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. இன்னொன்றும் படித்தேன். 1983 டிசம்பர் 26, நியூயார்க். அயர்ன் ஷேக் முதுகில் உட்கார்ந்து தாடையை இழுக்கும் 'கேமல் கிளட்ச்' பிடியில் சாம்பியன் பாப் பேக்லண்ட். அவர் தோற்றேன் என்று சொல்லவே இல்லை. அவருடைய மேனேஜர்தான் துண்டை வீசினார். பட்டமும் கை மாறியது. அந்த மேனேஜருக்கு எங்கள் அத்தை ஒன்றும் குறைந்தவள் இல்லை!

முடிவு முன்கூட்டியே பேசிவைத்த ஆட்டம் என்பது இப்போது ஊரறிந்த விஷயம். ஆனால் உடம்பு நிஜம். அதனால், பிடிக்கிறவர் முழுப் பலத்தையும் போடமாட்டார். எதிராளி மூச்சுவிட இடம் வைத்துத்தான் பிடிப்பார். நிஜமாகவே வலித்தால் கையை அழுத்திச் சங்கேதம் காட்டுவார்கள். நமக்குத்தான் அது தெரியாது. பிடியைப் பார்த்தோம், விடுவதற்கான ஏற்பாட்டைப் பார்க்கவில்லை.

போன மாசம் ஆனைக்குட்டம் போயிருந்தேன். முருகேசனின் இரண்டு பையன்களும் அதே வேப்பமரத்தடியில் செல்போனைப் பார்த்துப் பார்த்துக் கட்டிப் புரண்டார்கள். முருகேசன் விலக்கிவிட்டு, ''கழுத்துல கை வைக்கவே கூடாது. தட்டினா விடணும். நடிக்கிறான்னு தோணுச்சுன்னாலும் விடணும்'' என்று பாடம் எடுத்தான்.

''நீ அன்னைக்குத் தட்டியிருந்தா நானும் விட்டிருப்பேனே'' என்று சிரித்தேன்.

முருகேசன் சிரிக்கவில்லை. ''தட்டினேன் மாப்ளே. உன் முழங்கையில ரெண்டு தடவை. 'என்னமா நடிக்கிறான் பாரு'ன்னு தம்பிகிட்ட சொன்னே.''

சொல்லியிருக்கிறேன். அவன் சொன்ன பிறகு, அந்த இரண்டு தட்டும் முழங்கையில் ஞாபகம் வந்தது. இருபத்தைந்து வருஷமாக அவனை ரோஷக்காரன் என்று ஊரெல்லாம் கதை சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

''மாமா, நீங்க வாங்க!'' என்று சின்னவன் என் கையைப் பிடித்து முறுக்கினான். வலிக்கவெல்லாம் இல்லை. சும்மா, ரெண்டு தட்டு தட்டிப் பார்த்தேன்.

சட்டென்று விட்டுவிட்டான். என்னைவிடக் கெட்டிக்காரன்!