டப்பாவைத் திறக்கும் முன்

தேர்வு நெருங்கும் மாதங்களில், பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர் சிலர் எங்களிடம் ஒரு டப்பாவைக் காட்டிக் கேட்பதுண்டு: "இந்த ப்ரீபயாடிக் பொடியைக் கொடுத்தால் பிள்ளையின் மன அழுத்தம் குறையுமா?" அக்கேள்விக்குப் பின்னால் உறக்கமின்றித் தவிக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது. ஆகவே நேர்மையாக விடை கூற விரும்புகிறோம்.

ப்ரீபயாடிக் என்பது, செரிக்கப்படாமல் பெருங்குடலைச் சென்றடையும் ஒருவகை நார்ப்பொருள். அங்கு வாழும் நன்மை செய்யும் நுண்ணுயிர்களுக்கு அதுவே உணவு. குடலும் மூளையும் நரம்புகள் வழியாகவும் இரத்தத்தின் வழியாகவும் தொடர்பு கொண்டுள்ளன என்பதும் உண்மையே.

2015இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 45 பேரிடம் மூன்று வாரம் சோதித்தபோது, இருவகைப் பொடிகளில் ஒன்றை உண்டோரிடம் மட்டும், காலையில் விழித்தெழும்போது சுரக்கும் கார்ட்டிசால் குறைந்திருந்தது. 2021இல் வெளியான மற்றோர் ஆய்வு, 18 முதல் 25 வயதுடைய 64 பெண்களிடம் நான்கு வாரம் நடந்தது. பதற்ற இயல்பு மிகுந்தோரிடம் பதற்றம் ஓரளவு தணிந்தது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆயினும் பங்கேற்றோர் சிலரே, காலமும் குறுகியது, அவர்கள் நோயாளிகளும் அல்லர். இதனைக் கொண்டு மனச்சோர்வுக்கு மருந்து கிடைத்துவிட்டதாகக் கருதலாகாது. இத்தகைய பொடிகளின் உறையிலேயே 'மருத்துவப் பயன்பாட்டிற்கன்று' என்னும் வாசகம் இருத்தல் வேண்டும் என்பது நம் நாட்டின் விதி. அதனைத் தேடிப் படியுங்கள்.

குடல் நுண்ணுயிர்களுக்கு உணவளிக்க டப்பாதான் வேண்டுமென்பதில்லை. பூண்டு சேர்த்த நம் நெல்லை உளுந்தஞ்சோறு, சின்ன வெங்காயத்தோடு உண்ணும் பழைய சோறு, களக்காட்டு ஏத்தன்காய் ஆகியவற்றிலும் இவ்வகை நார்ப்பொருள்கள் உள்ளன. ஆய்வுப் பொடியும் இவையும் ஒன்றல்ல. எனினும் அன்றாட உணவாக இவை நல்லவை. பொடி வாங்கியே ஆகவேண்டுமெனில் மருத்துவரைக் கேட்டு, சிறிய அளவில் தொடங்குங்கள். வயிற்று உப்புசம் வரக்கூடும்; எரிச்சல்குடல் உள்ளவர்களுக்குத் தொல்லை மிகலாம். மனநல மருந்துகளை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

எங்கள் அச்சம் பொடியைப் பற்றியதன்று. அதைக் கொடுத்துவிட்டோம் என்ற நிறைவில், கேட்கவேண்டிய கேள்வி கேட்கப்படாமல் போய்விடுமே என்பதுதான். "மதிப்பெண் எவ்வளவு?" என்பதற்கு முன், "நேற்று உறங்கினாயா? மனத்தில் என்ன இருக்கிறது?" என்று கேட்டு, விடை வரும்வரை உடனிருங்கள். உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, எதிலும் நாட்டமின்மை ஆகியவை இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். வாழ விருப்பமில்லை என்ற சொல் ஒருமுறை வந்தாலும் காத்திராதீர்கள். உடனே அழைத்து வாருங்கள். அரசின் 'டெலி மானஸ்' எண் 14416 இரவு பகலாக இயங்குகிறது; தமிழிலேயே பேசலாம்.

டப்பாவைப் பிறகு திறக்கலாம். முதலில் பிள்ளை மனம் திறக்கட்டும்.