பதிலுக்குப் பதில்: செத்தவன் யார்?



"அவன் அடித்தான், நாங்கள் திருப்பி அடித்தோம்" என்று யுத்த வெறியர்கள் பேசும்போது ஏதோ நியாயம் போலத்தான் காதில் விழுகிறது. வரப்புச் சண்டையில்கூட இந்தப் பேச்சு எடுபடும். ஆனால் வரப்புச் சண்டையில் மண்டை உடைவது சண்டைக்காரனுக்கு. சர்க்கார்கள் போடும் சண்டையில்?

அமெரிக்காவும் ஈரானும் மோதிய கதையைப் பாருங்கள். 2019 டிசம்பர் 27-ந் தேதி இராக்கில் கிர்குக் பக்கத்திலுள்ள ராணுவத் தளத்தில் ராக்கெட்டுகள் விழுந்தன. அமெரிக்கப் பட்டாளத்துக்குக் கூலிக்கு மொழிபெயர்த்த ஒருவர் செத்தார். இரண்டே நாளில் அமெரிக்கக் குண்டு வீச்சு. ஈரான் ஆதரவுப் படையினர் சுமார் 25 பேர் பிணம். அதற்குப் பதில், பாக்தாத் அமெரிக்கத் தூதரக வாசலில் தீ. அதற்குப் பதில், 2020 ஜனவரி 3-ந் தேதி டிரம்ப் உத்தரவுப்படி ஈரான் தளபதி காசிம் சுலைமானி கொலை. அதற்கும் பதில், ஜனவரி 8 அதிகாலை ஐன் அல் அசத் தளத்தின் மீது ஈரானின் ஏவுகணைகள்.

பன்னிரண்டு நாளில் இத்தனை "பாடம்"! யுத்தத்தை நிறுத்தவே கொன்றோம் என்றார் டிரம்ப். யுத்தத்தை நாங்கள் நாடவில்லை என்றது ஈரான் சர்க்கார், ஏவுகணை விட்ட கையோடு!

குண்டு விழுந்த மண்ணோ இராக்கியருடையது. அந்நியப் பட்டாளம் வெளியேற வேண்டுமென ஜனவரி 5-ந் தேதி இராக் பார்லிமெண்டு தீர்மானம் போட்டது. யார் காதில் ஏறிற்று? ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். சுலைமானி செத்த அன்றே அமெரிக்க ஆயுதக் கம்பெனிகளின் பங்கு விலை ஏறியது, எண்ணெய் விலையும் ஏறியது.

இனி தெஹ்ரானுக்கு வாருங்கள். அமெரிக்கா திருப்பி அடிக்குமென்று ஈரான் படை வானத்தையே பார்த்துக் கிடந்தது. ஆனால் பிரயாணி விமானங்களை மட்டும் நிறுத்தவில்லை. காலை ஆறு மணிக்குமேல் கீவ் நகருக்குக் கிளம்பிய உக்ரைன் விமானத்தை எதிரியின் ஏவுகணையென்று எண்ணி இருமுறை சுட்டார்கள். 176 பேர் மாண்டார்கள்! லீவு முடிந்து கனடாவுக்குப் படிக்கப் போன பிள்ளைகள், தாய் தகப்பனோடு போன குழந்தைகள். அமெரிக்கச் சிப்பாய் ஒருவன்கூட அதில் இல்லை. மூன்று நாள் "இயந்திரக் கோளாறு" என்று சாதித்துவிட்டு, 11-ந் தேதிதான் ஈரான் உண்மையைக் கக்கியது.

அந்தப் பக்கம் மட்டும் யோக்கியமா? எங்கள் ஆளுக்கு ஒன்றுமில்லை என்று மார் தட்டினார் டிரம்ப். பிறகு பார்த்தால் நூற்றுக்கு மேற்பட்ட சிப்பாய்களுக்கு மூளையில் அடி! "தலைவலி" என்று கேள்விப்பட்டாராம். ஏழை வீட்டுப் பிள்ளையின் மண்டை அவருக்குத் தலைவலி!

2025 ஜூன் 22-ந் தேதி அமெரிக்க விமானங்கள் ஈரானின் அணு நிலையங்களில் குண்டு போட்டன. மறுநாள் கத்தாரிலுள்ள அல் உதைத் அமெரிக்கத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணை விட்டது. கம்பி கட்டியும் லாரி ஓட்டியும் வீட்டுக்குப் பணம் அனுப்பும் நம்மூர்ப் பிள்ளைகள் அந்தக் கத்தாரில்தான் இருக்கிறார்கள். அன்று கத்தார் சர்க்கார் முன்கூட்டியே வானத்தை மூடிற்று. 2020-இல் தெஹ்ரானில் அந்த ஒரு உத்தரவைப் போட ஆளில்லை.