வீரபாகுவுக்காக யாரும் அழுவதில்லை

அரிச்சந்திர நாடகத்தில் கூட்டம் காத்திருப்பது மயான காண்டத்துக்குத்தான். நாடிழந்து, மனைவியையும் மகனையும் விற்று, கடைசியில் தன்னையும் விற்றுக்கொண்ட அரசன் காசிச் சுடுகாட்டில் கோலோடு நிற்பான். பாம்பு கடித்துச் செத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சந்திரமதி வருவாள். கால்பணமும் முழத்துண்டும் கொடுக்காமல் எரிக்க விடமாட்டேன் என்று பெற்றவளிடமே அவன் சொல்லும்போது அழாதவர்கள் குறைவு.

நாடகப் பிரதிகளைத்தான் முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்கிறேன். அந்தக் கண்ணீரில் என்னவெல்லாம் கலந்திருக்கிறது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. பிள்ளை செத்த துக்கம் இருக்கிறது. கூடவே, ஓர் அரசன் சுடுகாட்டுக்காரனுக்கு அடிமையாகிவிட்டானே என்ற பதைப்பும் இருக்கிறது. மனிதன் இதற்குக் கீழே விழ முடியாது என்று காட்ட இந்தக் கதை தேர்ந்தெடுத்த இடம், நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக வேலை செய்த இடம். அரசன் அங்கே சில காலம் இருந்தான். அவனை விலைக்கு வாங்கிய வீரபாகு பிறந்ததிலிருந்து அங்கேதான் இருக்கிறான். அவனுக்காக ஒரு விசும்பல் கிடையாது. நான் பார்த்த சில மேடைகளில் அவன் கள் குடித்துத் தள்ளாடி, சிரிக்கவைத்துவிட்டுப் போனான்.

மார்க்கண்டேய புராணத்தில் இன்னும் ஒரு தந்திரம் உண்டு. அரசனை வாங்கிய சண்டாளன் உண்மையில் தர்மதேவன் என்று கடைசியில் தெரியவருகிறது. அதாவது, அரசன் ஒரு சண்டாளனிடம் வேலை பார்க்கவே இல்லை! தீட்டு கழிந்துவிட்டது.

அப்படியென்றால் இந்த நாடகத்தைத் தூக்கி எறிந்துவிடலாமே என்று தோழர்கள் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இது மேடையோடு நிற்கிற கதையல்ல. தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் சுடுகாட்டுப் பாதையில் அரிச்சந்திரன் கல் இருக்கிறது. பாடையை அங்கே இறக்கி, மயானத் தொழிலாளி அரிச்சந்திரன் பாட்டைப் பாடிய பிறகுதான் பிணம் உள்ளே போகும். அரசனே செய்த தொழில் என்று அவர் பாடுவதில் ஒரு பெருமிதம் இருக்கிறது. அந்தப் பெருமிதமே அவரையும் அவர் பிள்ளையையும் அங்கேயே கட்டிப்போடவும் செய்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இந்தப் பிரதியைத் தொட முடியாது.

2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், நிலத்தின் வழியே பாதை மறுக்கப்பட்டதால், ஒரு தலித்தின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. மயான காண்டம் பழங்கதை என்று யார் சொல்வது?

செவ்வியல் நாடகங்களைப் 'புதுமையாக' போடுகிறவர்கள் உடையை மாற்றுகிறார்கள், விளக்கை மாற்றுகிறார்கள். அரசன் வேடத்தை ஒரு தலித் நடிகருக்குக் கொடுத்துவிட்டுப் பன்முகத்தன்மை என்கிறார்கள். கொடுக்கட்டும், நல்லதுதான். ஆனால் கதை அரசன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தால் வேடம் யாருக்குக் கிடைத்து என்ன? எம்.ஆர்.ராதா ராமாயணத்தில் மாற்றியது உடையை அல்ல, கதை யார் பக்கம் நிற்கிறது என்பதை. அதனால்தான் அரசு அதைக் கண்டு நடுங்கி 1954-இல் நாடகத் தடைச் சட்டமே கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை உயர் நீதிமன்றம் ரத்து செய்ய 2013 வரை ஆனது.

கல்லூரி நாடகக் குழுக்களில் இருக்கும் தோழர்கள் அரிச்சந்திரனை எடுத்துப் பாருங்கள். சங்கரதாஸ் சுவாமிகள் இறந்து நூறாண்டு கடந்துவிட்டது, உரிமைத்தொகை கேட்க யாரும் வரப்போவதில்லை. தமிழ்க் கதையில் கால்பணமும் முழத்துண்டும் வீரபாகுவுக்கு, வாய்க்கரிசி மட்டும் வேலையாளுக்கு. இந்தக் கூலிக் கணக்கை முழுதாக மேடையில் பேசுங்கள். அரிச்சந்திரன் முடிசூட அயோத்திக்குத் திரும்பியதும் திரையை இறக்காதீர்கள். மறுநாள் காலை காசியில் அடுத்த பாடை வரும். கோலை எடுக்க அங்கே யார் இருக்கிறார் என்று காட்டுங்கள்.